பீரோவில் பூட்டிய போன்

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் செல்லும் பேருந்தில் நின்றவர்களே இருபத்துமூன்று பேர். வண்டி தாங்குமா என்ற கவலை எனக்கு. முன்னிருக்கையில் அக்காளும் தங்கையும். அக்காள் கையில், அந்தக் காலத்தில் வந்த, சிறிய கம்ப்யூட்டர் போல, பேனா செருகிய தடித்த போன்.

“ஏட்டி, சார்ஜ் போட்டதும் போனுக்கு உயிர் வந்துட்டு. செத்துப்போன எனக்க மவன் அதுல பேசி வச்சதெல்லாம் எங்க போச்சு?”

“சார்ஜ் மொத்தமும் தீந்தா இந்த மாதிரி போனுல உள்ளது எல்லாம் அழிஞ்சிருமாம். கடைக்காரன் சொன்னாம்லா?”

“துபாய்லேருந்து அவனுக்க சாமானோட வந்தப்ப எல்லாம் இருந்துதே.”

“அவனுக்க முப்பதாம் நாள் பூசை முடியாம யாரும் தொடப்பிடாதுன்னு பீரோவுல வச்சுப் பூட்டுனது நீதானக்கா.”

அக்காள் முந்தானையால் போனின் திரையைத் துடைத்தாள்.

“இப்ப என்னமோ கேக்குதே?”

“வச்சிருக்கவங்க பேரு கேக்குது. ஒனக்க பேரைப் போடட்டா?”

அக்காள் பேனாவை உருவித் தங்கையிடம் நீட்டினாள்.

“அவனுக்க பேரைப் போடு.”