மாமா வண்டிக்கு வேற எஞ்சின்

— பானெட்டைத் திறக்க வேணாம் அத்தை. கையெல்லாம் கிரீஸ் ஒட்டிக்கும், துணி வீணாப் போயிடும்.

— துணி போனா துவைச்சுக்கலாம். நீங்க எதுக்கு மாப்பிள்ளை வண்டிக்கும் எனக்கும் நடுவுல இப்படி மறிச்சுக்கிட்டு நிக்கறீங்க?

— மறிக்கல அத்தை, ஒண்ணே ஒண்ணு, முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அது ஆடும். இந்த டயர் மேல துணி போடறேன்.

— உக்கார நான் வரல. ரெண்டு பஸ் மாறி வந்தது இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கேக்கறதுக்கு. போன் பண்ணும்போதெல்லாம் ஸ்பேர் வரல, ஸ்பேர் வரலைங்கறீங்க. அது என்ன, நடந்து வருதா?

— ஸ்பேர்னு ஒண்ணும் இல்ல அத்தை. உங்ககிட்ட பொய் சொன்னேன்.

— சரி, விடுங்க. பொய் எதுக்கு?

— நீங்க என்ன சொல்லி வண்டியைக் குடுத்தீங்க? "ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க மாப்பிள்ளை, போதும்"னீங்க. மாமா போனதிலேருந்து தார்ப்பாய்க்குள்ள கிடந்த வண்டி. டேங்கைக் கழுவி, பேட்டரியை மாத்தியிருந்தா நொண்டிக்கிட்டாவது ஓடியிருக்கும். அதோட நிறுத்தியிருக்கணும். எனக்குக் கை அரிச்சுது.

— சுத்தி வளைக்காதீங்க. என்ன பண்ணினீங்க?

— இந்த மூலையில ஒரு எஞ்சின் கிடந்தது. பின்பக்கம் நசுங்கின ஸ்போர்ட்ஸ் காரோடது. கஸ்டமர் வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டார். வண்டிதான் போச்சே தவிர எஞ்சின்ல ஒரு கீறல் கிடையாது. தினம் காலையில ஷட்டரைத் தூக்கினா அது என்னையே பாத்துக்கிட்டு இருக்கும்.

— அதைத் தூக்கி இதுக்குள்ள வெச்சுட்டீங்க.

— வெச்சுட்டேன்.

— காய்கறி வாங்கப் போற வண்டி மாப்பிள்ளை இது!

— தெரியும் அத்தை. அது இதுக்குள்ள நுழையவே இல்ல. அடிக் கம்பியை அறுத்து, வேற வெல்டு வெச்சு, நடுவுல தகரத்தைத் தட்டி அகலமாக்கி... மெனக்கெட்டு பண்ணினேன். பிரேக்கும் பெருசு போட்டேன், சத்தியமா. அதுல மட்டும் விளையாடல.

— வெளியில பாத்தா ஒண்ணும் தெரியலையே.

— தெரியாது. கதவுல இருக்கற கீறலைக்கூட மாமா ஞாபகமா இருக்கட்டும்னு அப்படியே விட்டிருக்கேன்.

— கீறலை வெச்சுக்கிட்டீங்க. அது கிடக்கட்டும், அவரு எஞ்சின் எங்க?

— இருங்க அத்தை, இந்த ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கி விட்டுடறேன், புழுக்கமா இருக்கு.

— உங்களைத்தான் கேக்கறேன்.

— இதை மட்டும் நீங்க கேக்கக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன் அத்தை. அப்புறம் நீங்க போன்ல சொன்னீங்க பாருங்க, "அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்"னு, கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சேன். போட்டது போட்டபடி ஓடினேன். உடைச்சு முடிச்சுட்டாங்க. கடைக்காரன் ஒரு குவியலைக் காட்டி, இதுல எதுன்னு பாத்து எடுத்துக்கோங்கறான். எது மாமாவோடதுன்னு எனக்கே அடையாளம் தெரியல.

— அவகிட்ட சொன்னீங்களா?

— உங்க பொண்ணுகிட்டயா? கழட்டறதுக்கு முன்னாடி கேட்டேன். "என்னவோ பண்ணுங்க, என்னைக் கேக்காதீங்க"ன்னுட்டா. வண்டி வந்த நாள்லேருந்து ஷெட்டுக்குள்ள காலே வெக்கல. சாப்பாட்டைக்கூட ஷட்டருக்கு வெளியவே வெச்சுட்டுப் போயிடறா. பாவம், அப்பா ஞாபகம், தாங்க முடியலன்னு புரிஞ்சுது. புரிஞ்சும் ஸ்பேனரை எடுத்தேன் பாருங்க, என்னை எதால அடிக்கறது?

— அடிக்கறதைப் பத்திப் பேசாதீங்க.

— மன்னிச்சுக்கோங்க அத்தை.

— ஸ்டார்ட் பண்ணுங்க.

— இப்பவா? அது வேற சத்தம். நீங்க கேக்க வந்தது அதுல இல்ல.

— பண்ணுங்கன்னா பண்ணுங்க மாப்பிள்ளை.

— சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க... இதான் அத்தை.

— இவ்வளவுதானா?

— சும்மா நிக்கும்போது இப்படித்தான், அடித்தொண்டையில முனகும். மிதிச்சாத்தான் தெரியும். அணைச்சுடவா?

— அணைக்காதீங்க. இருக்கட்டும்.

— கண்ணை மூடிக்கிட்டீங்களே. அழறீங்களா அத்தை?

— புகை.

— புகையே வரலையே. அத்தை, நான் வேணும்னா அதே மாடல் பழைய எஞ்சின் ஒண்ணு தேடிப் பிடிக்கறேன். ஊர் ஊரா அலைஞ்சாவது கொண்டு வர்றேன். இதை அப்படியே கழட்டிட்டு...

— கழட்டினீங்க, நான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.

— என்ன சொல்றீங்க?

— அதே சத்தம் வந்திருந்தா இன்னிக்கே வித்துடுங்கன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். வராதுன்னு தெரிஞ்சிருந்தா பாதி வழியில இறங்கித் திரும்பிடலாமான்னு யோசிச்சிருக்க மாட்டேன்.

— விக்கவா? ஆசையா கேக்கறீங்கன்னுல்ல நினைச்சேன்? உங்க பொண்ணே ஒரு தடவை சொல்லியிருக்கா, அப்பா வண்டிச் சத்தம் கேட்டா அம்மா கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு எழுந்துடும்னு.

— எழுந்தேன்னு சொன்னாளா? எதுக்குன்னு சொன்னாளா?

— இல்ல. நானும் கேக்கல. தப்புதான் போலிருக்கு.

— உங்க மேல தப்பு இல்ல. சொல்லாதடின்னு அவளுக்குச் சொல்லி வெச்சவ நான். அது கிடக்கட்டும். வேற எதையெல்லாம் தூக்கிப் போட்டீங்க?

— எதையும் இல்ல. சைலன்சர் மட்டும் வெளியில போடறதுக்காக வெச்சிருக்கேன், அதோ சுவரோரம். அதை யாருக்கும் குடுக்க முடியாது, பூரா ஓட்டை, மாட்டினா வண்டிச் சத்தம் தெருவுக்கே கேக்கும். இப்ப அணைச்சுடறேன் இருங்க... ஆனா ஒண்ணே ஒண்ணு அத்தை, எனக்கு அதுதான் விளங்கல. துருப் பிடிச்சு விழுந்த ஓட்டை இல்ல அது. ஆணியை வெச்சு சுத்தியலால அடிச்ச மாதிரி வட்ட வட்டமா இருக்கு. மாமாவோட பழைய மெக்கானிக்கை விசாரிச்சேன். எத்தனை புதுசு போட்டாலும் கொஞ்ச நாள்ல ஓட்டையோட வந்து நிப்பாருன்னு சொல்லிச் சிரிக்கறார். மாமாவுக்கு வேண்டாதவங்க யாராச்சும் தெருவுல இருந்தாங்களா?

— தெருவுல இல்ல மாப்பிள்ளை, வீட்டுக்குள்ளதான் இருந்தேன். வண்டி முனையில திரும்பும்போதே எனக்குக் கேட்டாத்தான், அவரு கதவைத் தட்டறதுக்குள்ள, அப்ப சின்னப் பொண்ணா இருந்த உங்க பொண்டாட்டியைப் பின்பக்கச் சுவர் மேல தூக்கிப் பக்கத்து வீட்டுல இறக்கி விட முடியும்.