ஏற்றத்தில் கழன்ற படகு

வண்டி நிறுத்த இடம் தேடியதில்தான் பிந்திவிட்டேன், ஐயா. வெளியே ஒரே கம்பத்தில் மூன்று பலகைகள். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கின்றன. பிழையான இடத்தில் விட்டிருந்தால் தண்டச்சீட்டு வைக்கட்டும். இன்றைக்கு நான் போய் அந்த வண்டியை எடுப்பேன் என்று நினைக்கவில்லை.

தமிழில் சொல்லலாம் என்றீர்கள், நல்லது. மொழிபெயர்க்க வந்த இந்தப் பிள்ளை கவனமாகத்தான் பிரெஞ்சில் மாற்றுகிறா. ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டும். அன்டன் என்னை மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டு, முதல் பொலிஸ் அறிக்கையில் எங்களை உறவுக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் உறவில்லை. மொன்றியலுக்கு வந்த புதிதில் சென்ட் லோரன்டில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினோம். அவ்வளவுதான். பிறகு அவன் அஞ்சலீனாவைக் கட்டினான். நான் கட்டவில்லை. அவர்கள் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியபோது நான் அதே தெருவில் ஒரு நிலக்கீழ் அறை பார்த்துக்கொண்டேன். அவர்களின் மகள் ஜென்சி பிறந்தபோது ஞானத்தகப்பனாக நின்று அவளைக் கையில் ஏந்தியவன் நான். அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். உறவு என்று எழுதியதை அழிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

படகு அன்டனுடையது. கோடையில் சனிக்கிழமை என்றால் நாங்கள் இருவரும் சென் லூயி ஏரியில்தான். மீன் பெரிதாகக் கிடைப்பதில்லை. அவன் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பான், நானும் இருப்பேன். கிழமை முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்போது அன்டன் சொன்னான்.

"யூலையில ரொறன்ரோ போறம், மச்சான். அஞ்சலீனாவின்ர அண்ணை வீடு பாத்து வைச்சிருக்கிறார். நீயும் வாவன்."

கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகும்போது, அவன் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன வார்த்தை அது. நான், "பாப்பம்" என்றேன். படகை விற்கப்போவதாகவும் அப்போதுதான் சொன்னான். கர்க்லாண்டில் தியாகலிங்கம் என்று ஒருவர் கேட்டிருக்கிறாராம்.

எனக்கு அவன் போவதைத் தடுக்க எண்ணமில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். படகு இங்கே நின்றால் கோடைக்காவது அவன் வருவான் என்று மட்டும் நினைத்தேன். அது நியாயமான நினைப்புத்தான்.

படகை ஏற்றும் ட்ரெயிலரின் மூக்கில் ஒரு கறுத்தப் பெட்டி இருப்பதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். உள்ளே சின்னப் பற்றரி. பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்து, இழுக்கும் வான் வண்டியோடு கட்டுப்படும். ஓட்டத்தில் ட்ரெயிலர் கழன்றால் அந்தக் கம்பி இழுபடும், பற்றரி பிறேக்குக்கு மின்சாரம் கொடுக்கும், சில்லுகள் இறுகி அந்த இடத்திலேயே நிற்கும். குளிரில் அந்தப் பற்றரி செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு வசந்தத்திலும் அதற்கு மின்சாரம் ஏற்றிப் பரிசோதிப்பது என் வேலை. இந்த முறையும் ஏற்றினேன். பிறகு அதன் வயரைக் கழற்றி, பூட்டியிருப்பதுபோல் தோன்றும்படி பக்கத்தில் செருகி வைத்தேன். தியாகலிங்கம் கம்பியை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லியிருந்தார். இழுப்பார், பிறேக் பிடிக்காது, வேண்டாம் என்பார். யாருக்கும் நட்டமில்லை. உங்கள் பரிசோதகர் அதிர்வில் கழன்றது என்று எழுதியிருக்கிறார். அது பிழை.

படகைக் கொண்டுபோய்க் கொடுக்க இருந்த அந்தக் காலை தியாகலிங்கம் அன்டனுக்குப் போன் எடுத்தார். அன்டன் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக் கதைத்தான். மறுபக்கம் அவர் சொன்னார்.

"பிறேக்கெல்லாம் நான் புதுசாப் போடப்போறன், அண்ணை. நீங்கள் படகைக் கொண்டு வாங்கோ, அது காணும்."

அன்டனுக்குச் சந்தோசம். பெட்டி என் காலடியில் இருந்தது. வயரைத் திரும்பப் பூட்ட ஒரு கை போதும். நான் பூட்டவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். அப்போது நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜென்சி, தான் முன்னால் நடந்துபோய் டெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், கோப்பி வாங்குவதாகச் சொன்னாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை, அன்றைக்கு லீவு. படகின் கடைசிப் பயணத்துக்குத் தானும் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"மாமாக்கு ரெண்டு பால். தெரியும், சொல்லத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்டன் ட்ரெயிலரின் மூக்கை வானின் பின்னால் இருக்கும் இழுவைக் குண்டில் இறக்கினான், கம்பியைக் கட்டினான். அந்த நேரம் அஞ்சலீனா உள்ளேயிருந்து கூப்பிட்டா. அன்டன் என்னிடம் திரும்பினான்.

"மச்சான், பூட்டாணியைப் போட்டுச் சங்கிலி ரெண்டையும் கொளுவிவிடு. நான் இந்தா வாறன்."

மூக்கு கழன்றாலும் ட்ரெயிலரை விடாமல் பிடிக்கிற சங்கிலிகளை நான் வானின் இரும்பில் சும்மா தொங்கவிட்டேன். கொளுவவில்லை. மூக்கைக் குண்டோடு பூட்டும் பூட்டாணியைக் காற்சட்டைப் பையில் போட்டேன். இந்த மேசையில் நான் வைத்திருப்பது அதுதான். அவன் வெளியே வந்து கேட்டான்.

"பாத்திட்டியோ?"

"ஓம், பாத்திட்டன். நீ வெளிக்கிடு."

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் நான் சொன்ன எதையும் அவன் திரும்பப் பார்த்தவனில்லை.

எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு ஏற்றம். அடியில் டெப்பனர், எதிர்ப்பக்கம் கொங்கிறீட் மதில். ஏற்றத்தில் ட்ரெயிலர் கழன்று பின்னால் உருண்டு மதிலில் மோதினால் படகு விற்க முடியாதபடி உடையும். என் கணக்கு அதுதான். நான் என் காரில் அவனுக்குப் பின்னால் போனேன். டெப்பனர் வாசலில் ஜென்சி கோப்பிகளோடு நின்றாள். அன்டன் கண்ணாடியை இறக்கி, "மேலை நிக்கிறன், பிள்ளை, நடந்து வா" என்றான். இழுவையோடு ஏற்றத்தின் அடியில் நிறுத்தினால் திரும்ப எடுப்பது சிரமம். நான் அவளைக் கடந்து போனேன். கை இரண்டிலும் கோப்பி என்பதால் கையசைக்க முடியாமல் தலையை ஆட்டினாள். நடைபாதையை வழக்கம்போல் கிண்டிப்போட்டுச் செம்மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தார்கள். அவள் வீதியோரமாக ஏறி வந்தாள்.

பாதி ஏற்றத்தில் மூக்கு துள்ளிக் குண்டை விட்டுக் கழன்றது. சங்கிலிகள் விழுந்தன. கம்பி இழுபட்டது, அது தன் வேலையைச் செய்தது; வயர் பூட்டாத பற்றரிதான் செய்யவில்லை. ட்ரெயிலர் ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டுப் பின்னால் உருளத் தொடங்கியது, முதலில் மெதுவாகத்தான்.

அதற்கு நேரே பின்னால் இருந்தது என் கார். நான் பிறேக்கை மிதித்தபடி அங்கேயே நின்றிருந்தால் காரின் முன்பக்கம் நசுங்கியிருக்கும், படகு என்னில் தட்டி நின்றிருக்கும். நான் ஸ்டியரிங்கை வெட்டி விலகினேன். பயத்தில் விலகினேன் என்று அன்றைக்கு உங்களுக்குச் சொன்னேன். பயம் இல்லை, ஐயா. படகு மதில்வரை போகவேண்டும். விலகுவதற்கு முன்னால் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். ஜென்சி தெரிந்தாள். இளம் பிள்ளை, பாய்ந்து விலகிவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், நினைக்க நேரம் இருந்தது என்றுதான் அர்த்தம்.

தண்ணீர் வேண்டாம். இந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள், அழுகிறா.

அன்டன் ஓடிவந்தான். அவளை எங்கே பிடித்துத் தூக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சப்பாத்து ஒன்று கழன்றிருந்தது. அதை எடுத்துத் திரும்பத் திரும்ப அவள் காலில் போட்டுவிடப் பார்த்தான்.

ஆசுபத்திரி வாசலில் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சங்கிலி பாத்தது நானெண்டு பொலிஸுக்குச் சொல்லிப்போட்டன், மச்சான். நீ வாயைத் திறக்காதை. எனக்கு அஞ்சலீனா இருக்கிறாள். உனக்கு ஆர் இருக்கினம்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டபடிதான் நடந்தேன்.

ஜென்சியின் அடக்கம் முடிந்தபின் அவர்கள் என்னை என் அறைக்குப் போக விடவில்லை. அஞ்சலீனா எனக்கும் சேர்த்துச் சோறு போட்டா. சில நாட்களில் மூன்று பேரின் கோப்பைச் சோறும் தொடாமலே ஆறிப்போகும். அன்டன் என் பக்கத்திலேயே இருந்தான்; நான் எழும்பினால் எங்கே போகிறாய் என்று கேட்பான். ஜென்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்ததெல்லாம் சொல்லுவான், எனக்குத் தெரிந்ததையும் சொல்லுவான். ஏரியில் இருந்த அத்தனை கோடையிலும் அவன் என்னோடு இவ்வளவு கதைத்ததில்லை. நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அவளை எழுத்துப் படிக்கவைத்ததும் சைக்கிள் பழக்கியதும் நான். அவள் இல்லாத வீட்டில் வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே வீட்டில், அதே கிழமைகளில், நான் இவர்களுக்கு வேண்டியவனாக இருந்தேன்.

போன வெள்ளி உங்கள் அலுவலகம் போன் எடுத்து, இது விபத்துத்தான், அன்டன் மேல் வழக்கில்லை, விசாரணைக் கோப்பை மூடுகிறோம் என்று சொன்னது. அன்று பின்னேரமே அஞ்சலீனா சாமான் கட்டப் பெட்டிகளை எடுத்தா. "அந்த ஏற்றத்தால இனி என்னால போகேலாது, அண்ணை" என்றா. அன்டன் அவற்றை ஒட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், "முதலாம் திகதி போறம், மச்சான்" என்றான்.

இந்த முறை நீயும் வா என்று அவன் சொல்லவில்லை.

அதனால்தான் வந்தேன். அன்டன் தன் கவலையீனத்தால் பிள்ளையைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வாழக்கூடாது. உண்மை அவனுக்குத் தெரியவேண்டும். அவன் மேல் உள்ள அன்பினால்தான் இதைச் சொல்கிறேன், வேறு ஒன்றும் இல்லை. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் மேல் வழக்குப் போட்டால் அன்டன்தானே முதல் சாட்சி. அது முடியும்வரை அவன் மொன்றியலை விட்டுப் போக முடியாது, அப்படித்தானே, ஐயா?