சபா தெரிமா?

ஷம்சாத்: மூடியத் தெறந்து பாத்தீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

மீரா சாஹிப்: பாத்தேன்லா. பாத்தா என்ன?

ஷம்சாத்: அங்க ஒரு அம்மா மேடையில ஏறி, புள்ளைங்க எங்க தங்கும், என்ன படிக்கும், யாரு பாத்துக்குவாங்கன்னு மூச்சு விடாம வெளக்கிக்கிட்டு இருக்காங்க. பெத்தவங்க எல்லாரும் கேட்டு எழுதிக்கிட்டு இருக்காங்க. நடுவுல என்னப் பாத்து, அஸ்ஃபியாவோட அப்பா வரலையான்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றது? கேன்டீன்ல குழம்புச் சட்டிய மோந்து பாக்கப் போயிருக்காருன்னா?

அஸ்ஃபியா: டாய்லெட் போயிருக்காங்கன்னு சொன்னீங்கம்மா.

ஷம்சாத்: ஆமா. ஒரு மணி நேரமா டாய்லெட்ல இருக்கிறாரான்னு அந்தம்மா என்னப் பாவமாப் பாத்துச்சு. டாக்டர்கிட்டக் காட்டுனீங்களான்னு வேற கேட்டுச்சு.

மீரா சாஹிப்: மேடையில ஏறுனா எல்லாரும் நல்லதத்தான் சொல்லுவாங்க ஷம்சு. காலேஜ் எப்பிடின்னு கேன்டீன்ல போய்ப் பாத்தாத்தான் தெரியும். நான் சாப்பாட்டுக் கடைக்காரன். எனக்குத் தெரிஞ்ச வழியில பாக்கிறேன்.

ஷம்சாத்: தெலுக் இந்தான்ல போய்ப் பாத்தோம். பாடம் என்ன, வாத்தியாரு யாருன்னு ஒண்ணும் கேக்கல. எண்ணெய் பழசுன்னு வந்து காடியில ஏறிட்டீங்க. சித்தியவான் போனோம். பருப்புல தண்ணி நிக்குதுன்னீங்க. புள்ள படிக்கப் போகுதா, விருந்துக்குப் போகுதா?

அஸ்ஃபியா: சித்தியவான்ல அந்தக் கேன்டீன்காரர் அத்தாவ சுகாதார ஆபீஸருன்னு நெனச்சுட்டாரும்மா. நாற்காலி போட்டு, விசிறிய அத்தா பக்கம் திருப்பி வச்சு...

மீரா சாஹிப்: குடிக்கத் தே தாரேக் கூடக் குடுத்தான்.

அஸ்ஃபியா: நான் ஆபீஸர் இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல அத்தா?

மீரா சாஹிப்: அவன் கேக்கல. நான் சொல்லல. சீனி அதிகம்.

ஷம்சாத்: ரோட்டப் பாத்து ஓட்டுங்க, லாரி வருது. இதுல நாளைக்குக் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம், மக காலேஜுக்காக ஊர் ஊரா அலையிறேன்னு பெருமையா வேற பேசுவீங்க.

மீரா சாஹிப்: அலையிறேன்தானே? கடையப் போட்டுட்டு அலையிறேன்ல?

அஸ்ஃபியா: நாங்க கேக்கவே இல்லையே அத்தா. எனக்குத்தான் சபா யுனிவர்சிட்டியில இடம் கெடச்சிருச்சே.

மீரா சாஹிப்: அத விடு.

அஸ்ஃபியா: எப்பவும் அத விடு, அத விடு...

மீரா சாஹிப்: மணி என்ன இப்ப?

அஸ்ஃபியா: மூணரை.

மீரா சாஹிப்: அஞ்சு மணிக்குள்ளதானே சபாவுக்குப் பதில் சொல்லணும்? எப்பிடிச் சொல்றது, இன்னொரு தடவ சொல்லு.

அஸ்ஃபியா: எத்தன தடவ அத்தா... போன்ல ரெண்டு பட்டன் வரும். ஒண்ணு தெரிமா. இடத்த ஏத்துக்கிறேன்னு அர்த்தம். இன்னொண்ணு தோலாக். வேணாம்னு அர்த்தம். ஒண்ண அழுத்துனா அவ்வளவுதான். அப்புறம் மாத்த முடியாது.

மீரா சாஹிப்: அப்பத் தோலாக். தே குடிக்கத் தாப்பாவுல காடிய நிறுத்துறேன். என் முன்னாடி அழுத்திட்டு, இன்னிக்குப் பாத்த தஞ்சோங் மாலிம்ல சேந்துடு.

அஸ்ஃபியா: அங்க நான் கேட்ட படிப்பு இல்ல.

மீரா சாஹிப்: என்ன பெரிய படிப்பு? மீனப் பத்தித்தானே? அதுக்கு சபா வரைக்கும் பிளேன் ஏறிப் போணுமா? விடியக்காலைல என்கூட பசாருக்கு வா. கண்ணப் பாத்தே நேத்து மீன் எது, இன்னிக்கு மீன் எதுன்னு சொல்லித் தாரேன்.

அஸ்ஃபியா: அதெல்லாம் செத்த மீன் அத்தா. நான் படிக்கப் போறது உசுரோட இருக்கிற மீன.

மீரா சாஹிப்: உசுரோட இருக்கிற மீனுக்கு நீ என்ன செய்யப் போற?

அஸ்ஃபியா: சாகாமப் பாத்துக்கப் போறேன். கடல்ல மீனே இல்லாமப் போயிட்டா உங்க கடையில என்ன வைப்பீங்க?

மீரா சாஹிப்: கோழி.

ஷம்சாத்: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா. தல வலிக்குது.

மீரா சாஹிப்: நீ சொல்லு ஷம்சு. நான் சொல்றது தப்பா?

ஷம்சாத்: உங்க பேச்சுல நான் எப்ப தப்பு சொன்னேன்? ஆனா பாருங்க, நம்ம வள்ளியப்பன் அண்ணே மக கவிநயா. உங்க மகளோடதான் ஆறாம் படிவம் படிச்சுச்சு. ஆஸ்திரேலியா போகுது. அதோட அம்மா சிகப்பி அக்கா மிளகாப்பொடி இடிச்சு, டப்பாவுல போட்டு, பேரெல்லாம் ஒட்டி வச்சிருக்காங்க. அவங்களும் பெத்தவங்கதானே?

மீரா சாஹிப்: வள்ளியப்பனுக்கு இன்னும் ரெண்டு மகன் வீட்டுல இருக்கான். ஒண்ணு போனா ரெண்டு நிக்கும். நம்ம வீட்டுல யாரு நிப்பா?

ஷம்சாத்: நான் நிக்கலையா?

மீரா சாஹிப்: உன்னச் சொல்லல... சரி, அத விடு. இன்னிக்குப் பாத்தது நல்ல எடம். மரமெல்லாம் இருக்கு. ஹாஸ்டலும் கிட்ட. சாப்பாடும் நல்லா இருக்கு.

ஷம்சாத்: என்ன சொன்னீங்க?

மீரா சாஹிப்: ஹாஸ்டல் கிட்டன்னேன்.

ஷம்சாத்: அதுக்கு அப்புறம்.

மீரா சாஹிப்: சாப்பாடு நல்லா இருக்குன்னேன்.

ஷம்சாத்: கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க இன்னொருத்தர் சமையல நல்லா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதில்ல. என் பிரியாணியவே பரவாயில்லம்பீங்க. எங்க அம்மா உங்களுக்காக நாள் பூரா அடுப்படியில நின்னு ஆக்குனதுக்கு, உப்பு சரியா இருக்குன்னு ஒத்த வார்த்த சொல்லிட்டுக் கை கழுவப் போனவரு நீங்க. அங்க போய் என்ன பண்ணுனீங்க?

மீரா சாஹிப்: ஒண்ணும் பண்ணல.

ஷம்சாத்: காது செவக்குது.

மீரா சாஹிப்: வெயிலு.

அஸ்ஃபியா: அம்மா, நீங்க கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்புனப்பப் பாத்தேன். அத்தா அந்தக் கேன்டீன் அக்கா கூட ஸ்டோர் ரூமெல்லாம் சுத்திப் பாத்தாங்க. காஸ் அடுப்பப் பத்த வச்சுப் பாத்தாங்க. அப்புறம் அந்த அக்காவோட வீட்டுக்காரர் வந்து அத்தாவுக்குக் கை குடுத்தாரு.

ஷம்சாத்: குழம்பு நல்லா இருந்ததுக்கு நீங்கதானே அவருக்கு நன்றி சொல்லணும். அவரு எதுக்குக் கை குடுத்தாரு?

மீரா சாஹிப்: அவங்க பேரு கலாதேவி. பக்கத்து எஸ்டேட்ல பொறந்து வளந்தவங்க. நல்ல மனுசங்க. முட்டி வலி, நிக்க முடியல. மக வீட்டோட போய் இருக்கப் போறாங்களாம். அதனால அந்தக் கடை...

ஷம்சாத்: அந்தக் கடை?

மீரா சாஹிப்: காலியாகுது.

ஷம்சாத்: ம்.

மீரா சாஹிப்: நான் எடுத்துக்கிறேன்னுட்டேன்.

அஸ்ஃபியா: எத எடுத்துக்கிறேன்னீங்க?

மீரா சாஹிப்: கேன்டீன் கடைய. நீ சேர்ற மாசமே நம்மளும் தெறந்துடலாம்.

அஸ்ஃபியா: அத்தா... நான் வகுப்பு முடிஞ்சு வெளிய வந்தா, நீங்க அங்க நின்னு ரொட்டி வீசிக்கிட்டு இருப்பீங்களா?

மீரா சாஹிப்: நான் ஏன் வீசுறேன்? அதுக்கு ஆள் வைப்பேன். நான் கல்லாவுல இருப்பேன்.

அஸ்ஃபியா: அது இன்னும் மோசம். கல்லாவுல உக்காந்தா யாரு யாரோட வந்து சாப்பிடுறாங்கன்னு எல்லாம் தெரியும்.

மீரா சாஹிப்: தெரியட்டுமே. உன் கூட்டாளிங்களுக்கு முட்டை ஓசியில போடுவேன்.

ஷம்சாத்: இருங்க. அப்ப தெலுக் இந்தான்ல எண்ணெய் பழசுன்னது?

மீரா சாஹிப்: அங்கயும் கேட்டேன். கடை காலி இல்லன்னுட்டான்.

ஷம்சாத்: சித்தியவான் பருப்பு?

மீரா சாஹிப்: அங்கயும் காலி இல்ல. பருப்பு நல்லாத்தான் இருந்துச்சு.

ஷம்சாத்: யா அல்லா. புள்ளைக்குக் காலேஜ் பாக்கப் போறாருன்னு நெனச்சேன். இவரு கடைக்கு எடம் பாத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. ஜெலாப்பாங்ல இருக்கிற நம்ம கடைய யாரு பாக்கிறது?

மீரா சாஹிப்: தம்பி ஷாஹ்ருல் பாத்துப்பான்.

ஷம்சாத்: உங்க தம்பிக்குத் தோசைக்கல்லு சூடா இருக்கான்னு கை வச்சுப் பாத்தாத்தான் தெரியும். மத்தியானம் ஃபேக்டரி ஆளுங்க வந்து வரிசையில நிக்கும்போது, குழம்பு எங்க அண்ணின்னு எனக்குத்தான் போன் பண்ணுவான். நான் எங்க இருக்கணும், அதயும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?

மீரா சாஹிப்: நீயும் வந்துடு. வீடு பாத்துக்கலாம்.

ஷம்சாத்: புள்ள படிக்கப் போகுது, பின்னாடியே குடும்பம் சட்டி பானையோட போகுது. ஹாஸ்டல்ல எனக்கும் ஒரு கட்டில் கேட்டு வச்சிருக்கலாம்ல?

மீரா சாஹிப்: நீ என்ன வேணாலும் பேசு ஷம்சு. சபான்னா கடல் தாண்டிப் போணும். காய்ச்சலா இருக்கு அத்தான்னு இவ போன் பண்ணுனா நான் எப்பிடிப் போவேன்? பிளேன் எனக்காக நிக்குமா? தஞ்சோங் மாலிம்னா காடிய எடுத்தா வந்துடுவேன். எனக்குப் பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. ஒத்தப் புள்ள.

அஸ்ஃபியா: எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தா.

மீரா சாஹிப்: அப்புறம் ஏன் போகணும்ங்கிற?

அஸ்ஃபியா: தெரியல... பயத்தோடயே போகணும் போல இருக்கு.

ஷம்சாத்: சிக்னல் போடுங்க. தாப்பா வந்துருச்சு.

மீரா சாஹிப்: தெரியுது. இந்தா, நிறுத்திட்டேன். போன எடு.

அஸ்ஃபியா: மொதல்ல தே குடிச்சுட்டு...

மீரா சாஹிப்: தே ஓடியா போயிரும்? போன எடு.

அஸ்ஃபியா: லைன் இல்ல அத்தா.

மீரா சாஹிப்: இங்க நிக்கிற அத்தன பேரும் போன் பேசிக்கிட்டு இருக்கான், உனக்கு மட்டும் லைன் இல்லையா? குடு, நான் பாக்கிறேன்... எங்க பட்டன்?

அஸ்ஃபியா: போனக் குடுங்க அத்தா.

மீரா சாஹிப்: ரெண்டு பட்டன்னியே, ஒண்ணக் கூடக் காணோம். பச்சையா தஹ்னியான்னு போட்டிருக்கு. எதுக்கு நமக்கு வாழ்த்து சொல்றான்?

ஷம்சாத்: என்னங்க.

மீரா சாஹிப்: இரு. எதுக்கு வாழ்த்துறான்னு கேக்கிறேன்ல?

ஷம்சாத்: சபாவுக்குத் தெரிமா சொல்லியாச்சு. நேத்தே.

மீரா சாஹிப்: யாரக் கேட்டு?

ஷம்சாத்: உங்களக் கேட்டுத்தான்.

மீரா சாஹிப்: என்னையா?

ஷம்சாத்: நேத்து சாயந்தரம் கடையில நீங்க மசாலா கிண்டிக்கிட்டு இருந்தீங்க. இவ பக்கத்துல வந்து நின்னு, "அத்தா, சபா தெரிமா?"ன்னு கேட்டா. நீங்க என்ன சொன்னீங்க?

மீரா சாஹிப்: தெரியும்னேன்.

ஷம்சாத்: ஆங்.

மீரா சாஹிப்: சபாவத் தெரியுமான்னு கேக்கிறான்னு நெனச்சு தெரியும்னேன்லா. லாபுவானுக்குப் பக்கத்துலன்னு கூடச் சொன்னேன்.

அஸ்ஃபியா: நான் ரெண்டு தடவ கேட்டேன் அத்தா. ரெண்டு தடவையும் தெரியும் தெரியும்னுட்டு வெங்காயம் கேட்டீங்க.

மீரா சாஹிப்: மலாய்ல கேக்கிறியா, தமிழ்ல கேக்கிறியான்னு சொல்ல வேணாமா? யாரு சொல்லிக் குடுத்த வேல இது?

ஷம்சாத்: நான்தான். நேராக் கேட்டா வேணாம்னுருப்பீங்க.

மீரா சாஹிப்: நேத்தே முடிஞ்சதுன்னா இன்னிக்கு எதுக்கு என்ன இவ்வளவு தூரம் ஓட்ட விட்ட?

ஷம்சாத்: வழியில சொல்லிடலாம்னுதான் ஏறுனேன். கோப்பெங் தாண்டட்டும், பீடோர் தாண்டட்டும்னு பாத்துக்கிட்டே வந்தேன். நீங்க சந்தோசமா ஓட்டிக்கிட்டு வந்தீங்க. எனக்கு வாய் வரல.

மீரா சாஹிப்: நான் அங்க கை குடுத்துட்டு வந்திருக்கேன். என் மக இங்கதான் படிக்கப் போகுதுன்னு கலாதேவி அக்காகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

ஷம்சாத்: அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.

மீரா சாஹிப்: நீ பேசாத. அஸ்ஃபியா, இங்க பாரு. என் முகத்தப் பாரு. அந்தப் பட்டன அழுத்தும்போது அத்தாவ ஒரு நிமிசம் நெனச்சியா நீ?

அஸ்ஃபியா: அத்தா, நான் வந்து...

மீரா சாஹிப்: நெனச்சியா இல்லையா?

ஷம்சாத்: அவளக் கேக்காதீங்க. அவ அழுத்தல. நேத்து வீட்டுக்கு வந்ததும், "அத்தா பாவம்மா, அத்தாவால தாங்க முடியாது, நான் எங்கயும் போகல"ன்னு அழுதுக்கிட்டே தோலாக்க அழுத்தப் போனா. நான்தான் கையில இருந்து போனப் பிடுங்கித் தெரிமாவ அழுத்துனேன். உங்க கூட இருக்கிறதுக்கு நான் இருக்கேன்ல. அவ போகட்டுங்க.