இடுப்பளவு தண்ணீர்

போன வாரம் மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

"நொச்சிக்குப்பத்துல பொறந்து கடல்லயே நீந்தி வளந்த ஆளுக்கா அவரு. இடுப்பளவு தண்ணில முழுகிட்டாருன்னா நீ நம்புறியா?"

அவள் கணவன், பணக்காரர்கள் மட்டும் போகிற ஒரு கோல்ஃப் கிளப்பில், குளத்தில் விழும் பந்துகளை எடுத்துத் தருகிற வேலையில் இருந்தவன். அந்தக் குளத்திலேயே பிணமாக மிதந்தான் என்பது பேச்சில் புரிந்தது.

"நானும் நம்பலடி," என்றாள் அக்கா. "போலீசே கால் வழுக்கிடுச்சின்னு சொல்லிட்டாங்க. பெரிய எடம். நாம இன்னா பண்ண முடியும்?"

"பின்மண்டைல அடிபட்டிருந்துச்சி. நானே தொட்டுப் பாத்தேன்."

அக்கா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அங்கயே உனக்கு வேலை கீதுன்னு சொல்லி அனுப்புனாங்களே, வேணான்னு சொல்லிடு. அவங்க மூஞ்சிலயே முழிக்காத."

"சரின்னு சொல்லிட்டேன்க்கா. திங்கக்கெழமைலேந்து போறேன்."

"இன்னாடி சொல்ற? அந்த எடத்துக்கா?"

"சமையக்கட்டுல வேலை. வெளிய நின்னு கேட்டா எவனும் வாயத் தொறக்க மாட்டேன்றான். கூடவே நின்னு பாத்திரம் கழுவிக்கினு இருந்தா, என்னைக்காவது ஒருத்தன் பேசுவான்."