அண்ணை திறந்த மெயில்

"என்ரை மெயிலை அண்ணை வடிவாத் திறந்து பாக்கட்டும்!"

சென் ஜேம்ஸ் ரவுண் பக்கம் போகும் சப்வே ரயிலில், பின் சீற்றில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்தேன். காது மட்டும் வெளியே நின்றது.

"பாஸ்வேர்ட் அவரிட்டையெல்லோ இருக்கு?"

"ஓம். ஆனா நானும் ரவியும் ரகசிய எழுத்தாப் பூட்டித்தான் அனுப்பிறம். திறக்கிற சாவி எங்கள் ரெண்டு பேரிட்டைதான்."

"அப்ப அவர் திறந்தா?"

"கோழி கிண்டின மாதிரிக் கிடக்கும். தமிழ் ஃபொண்ட் பிழையெண்டு, கிடைச்ச ஃபொண்டெல்லாம் போட்டுப் பாத்துக் களைச்சுப்போனார்."

எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"நேற்று ரவி கலியாணம் கேட்டு எழுதினவன்."

"நீ?"

"'ஓம்' எண்டு எழுதிப் பூட்டினன். எனக்குக் கை வேலை எண்டன்; பாவம், என்னெண்டு தெரியாமல் அண்ணைதான் 'சென்ட்' அமத்தி அனுப்பிவிட்டவர்."