பிரவீணாவுக்கு அடுத்து பிரியா

மூணாவது வரிசையில ரெண்டு இடம் காலி. கீழ் டிவிஷன் பஸ் இன்னும் வரலையோ?

இந்த மடல் வாசிக்கப்படும் இந்நேரத்தில், கழுத்தில் மாலையும் தோளில் பொன்னாடையுமாக மேடையில் அமர்ந்திருக்கும் தாங்கள் மனத்துக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முகம் எங்களைப் பார்த்துப் புன்னகைக்கும். கண்கள் எதிரே மாணவர் வரிசையில் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் ஐம்பத்து மூன்று பேர். ஐம்பத்து மூன்று பேரும் வந்து சேரும்வரை எந்தப் பாராட்டும் தங்கள் காதில் ஏறாது என்பது தெரிந்தே இதை வாசிக்கத் தொடங்குகிறோம்.

சவுக்குமேடு மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையாக இருபத்தேழு ஆண்டு எட்டு மாதம் பணியாற்றி, நாளையோடு ஓய்வு பெறும் அம்மையீர்! மூடுபனியிலும் மழையிலும் முதல் மணிக்கு முன்னரே முற்றத்தில் நின்றவரே, விசிலைக் கழுத்தில் அணிந்தும் வெகுண்டு ஒருநாளும் ஊதாதவரே, இப்பள்ளியின் அறிவிப்புகளுக்கெல்லாம் குரலாக இருந்தவரே, திருமதி வேலாமணி அவர்களே, தங்களுக்கு எங்கள் வணக்கம்.

தாங்கள் பெற்றுத்தந்த கோப்பைகள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. கோ-கோ, கபடி, மாவட்ட அளவிலான நீண்ட தூர ஓட்டம் என எல்லாவற்றுக்கும் அங்கே ஆண்டும் பெயரும் பொறித்திருப்பதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. எந்தத் தகட்டிலும் பொறிக்கப்படாத ஒரு வேலையைத் தாங்கள் இங்கே செய்துவந்தீர்கள். அதைச் சொல்வதற்கே இம்மடல்.

பிப்ரவரி பிறந்தால் நம் பள்ளியில் அறிவிப்புகள் பெருகும். செய்முறைத் தேர்வு என்றைக்கு, குழுப் புகைப்படம் என்றைக்கு, அன்று பெண்கள் வெள்ளை ரிப்பன் கட்டி வரவேண்டுமா, நுழைவுச்சீட்டில் பிறந்த தேதியைச் சரிபார்க்க யார் யார் அலுவலகத்துக்கு வரவேண்டும், பிரிவு விழா ஒத்திகை எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் தாங்களே காலை வழிபாட்டின் முடிவில் ஒலிபெருக்கியில் வாசிப்பீர்கள். நம் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் கூம்பு ஒலிபெருக்கி எதிர்ச் சரிவைப் பார்த்திருக்கிறது. அந்தச் சரிவு எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் தேயிலைக் காடு. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களில் பாதிப்பேர் நம் மாணவர்களின் தாய்மார்கள். தாங்கள் பேசத் தொடங்கியதும் அவர்கள் கை நின்றுவிடும்.

வேலை நிற்கிறது என்று, கொழுந்து பறிப்பை மேற்பார்க்கும் எஸ்டேட் கண்டக்டர் பரமசிவன் ஒருமுறை பள்ளிக்கே வந்தார்.

"டீச்சர், நீங்க பேசற அஞ்சு நிமிசத்துல எனக்கு இருவது கிலோ கொழுந்து போகுதுங்க."

"அப்ப நாலு நிமிசத்துல முடிச்சுக்கறனுங்க. நாலு கிலோ மிச்சம் உங்களுக்கு."

அவரும் சிரித்துவிட்டுத்தான் போனார். அவருடைய மகனும் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தான்.

சரிவு கேட்கிறது என்பது எங்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிப்ரவரிக் காலைவரை. வருகை நாள் குறைந்தவர்கள் எட்டுப் பேர், பெற்றோருடன் வரவேண்டும் என்று தாங்கள் அன்று வாசித்தீர்கள். எட்டில் ஒரு பெயர் ஜீவிதா. அவள் தாய் செல்லக்கண்ணு ஏழாம் நம்பரில் முப்பது பெண்களுக்கு நடுவே நின்று அதைக் கேட்டார். மகள் தினமும் வீட்டிலிருந்து புறப்பட்டும் பல நாள் பள்ளிக்கு வரவில்லை என்பது அவருக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. மாலைக்குள் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. மறுநாள் உறவினர் ஒருவரோடு ஜீவிதாவைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய நுழைவுச்சீட்டு அலுவலக மேசையிலேயே கிடந்தது.

தாங்கள் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனீர்கள். மூன்றாம் முறை செல்லக்கண்ணு கதவைத் திறந்தார். "நீங்க சொன்னது தப்பில்லீங்க டீச்சர். முப்பது பொம்பளைங்க முன்னால எனக்குத் தெரியவந்துச்சு பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்றார். இதைத் தாங்கள் எங்களிடம் ஒரே ஒருமுறை சொன்னீர்கள், மதிய உணவு டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு.

பட்டியலை எழுதியவர் வகுப்பாசிரியர். கையெழுத்திட்டவர் அப்போதைய தலைமையாசிரியர். மலைச்சரிவுக்குக் கேட்டது மட்டும் தங்கள் குரல். எழுதியவரும் கையெழுத்திட்டவரும் அடுத்த ஆண்டே மறந்துபோனார்கள். வாசித்தவருக்கு அது மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தாங்கள் ஒரு மூச்சு நின்று வாசிப்பதை நாங்கள் கவனித்தோம். அந்த ஒரு மூச்சில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்க எங்களுக்குத் துணிவு வந்ததில்லை. கேட்டால் பதில் எங்கள் பக்கமும் திரும்பும் என்ற பயம் இருந்தது என்பதே உண்மை.

அந்த வாரம் தாங்களே ஏணி வைத்து ஏறி, வேதியியல் ஆசிரியர் பிராங்ளின் கீழே பிடித்துக்கொள்ள, கூம்பை விளையாட்டு மைதானத்தின் பக்கம் திருப்பிவைத்தீர்கள். பத்து நாளில் தாய்மார்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க டீச்சர், ஸ்பீக்கர அந்தப் பக்கம் திருப்பிட்டீங்களாமா? பரிச்சை என்னைக்குன்னு தெரியல, லீவு என்னைக்குன்னு தெரியல."

"எம்மவளக் கேட்டா ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க. போட்டோ எடுத்ததுக்கப்புறம் வந்து வெள்ளை ரிப்பன் கட்டலைன்னு அழுகறா."

கூம்பு மறுபடி சரிவைப் பார்த்தது. அன்றிலிருந்து தாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டீர்கள். தேதி, நேரம், வெற்றி, விடுமுறை எல்லாம் ஒலிபெருக்கியில் போகும். ஒரு பிள்ளைக்குத் தலைகுனிவு தரும் எந்தச் செய்தியையும் தாங்களே நடந்து போய், வீட்டுக்குள் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொல்வீர்கள். பிரிவு விழாவிலும் இன்னொரு வழக்கம் தங்களால் வந்தது. வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒவ்வொரு மாணவரின் பெயரும் கூம்பில் அழைக்கப்படும். விடுப்புக் கிடைக்காத தாய் காட்டில் நின்றபடியே தன் பிள்ளை மேடையேறுவதைக் கேட்பார். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு ஆண்டுகளாக அறிவிப்புகளைக் கேட்டுக் கேட்டு அந்த வரிசை அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பிரவீணாவுக்கு அடுத்து பிரியா, பிரியாவுக்கு அடுத்து ரம்யா.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் பதினொரு பேர் மூன்று திருப்புதல் தேர்வுகளிலும் தேறவில்லை. ஆய்வுக் கூட்டம் ஒன்றில் தேர்ச்சி விகிதம் பற்றி எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டு வந்த நம் தலைமையாசிரியர் திரு. பாலன், மறுநாள் அந்தப் பதினொரு பெயர்களையும் ஒரு தாளில் எழுதித் தங்களிடம் கொடுத்தார்.

"மைக்ல வாசிச்சு பேரன்ட்ஸ வரச்சொல்லுங்க டீச்சர். வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பிரிவு விழாவுக்கு விடுவேன்."

"மைக்ல வேண்டாங்க சார். நான் ஊட்டுக்குப் போயிச் சொல்லிட்டு வாறன்."

"பதினோரு ஊடு டீச்சர். ஒண்ணு மேல இருக்குது, ஒண்ணு பள்ளத்துல இருக்குது."

"நடக்கறதுக்குத்தானுங்களே எனக்கு இத்தன வருசமாச் சம்பளம்."

எட்டு நாளில் பதினொரு வீடுகளுக்கும் தாங்கள் போனீர்கள். நாலு வீடுகளுக்குத் தாவரவியல் ஆசிரியை கெஸியா உடன் வந்தார். மற்றவர்களுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டோம். பிரியாவின் வீட்டில் அவள் தாய் கருப்பம்மா தங்களை உட்காரவைத்துப் பால் விடாத சாயத்தண்ணி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டிருக்கிறார்.

"பெயிலாப் போகும்னா இப்பவே சொல்லிருங்க டீச்சர். திருப்பூர்ல இவ மாமன் ஆளு கேட்டுக்கிட்டே இருக்கான். அடுத்த வாரமே வண்டியேத்தி விட்டுருவேன்."

"கணக்குப்பதிவியல்ல பின்தங்கியிருக்கா. பாஸ் பண்ணுவான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. ஆனா எழுதட்டும். சாயங்காலம் பள்ளிக்கூடத்துல வச்சுப் படிக்கவச்சு, காட்டெருமை நிக்கற வளைவு தாண்டி நானே கொண்டாந்து விடறன்."

கருப்பம்மா உடனே சம்மதிக்கவில்லை. பிறகு, "பரிச்சை வரைக்கும் விடறேன்" என்று மட்டும் சொன்னார். கணக்குப்பதிவியலில் பிரியாவுக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவள் திங்கட்கிழமை தேர்வறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே தங்கள் கவலையாக இருந்தது. மற்ற பத்துப் பேரைப் பற்றியும் அப்படியே. இந்த மாலை நேரங்களில் தங்களோடு உட்கார்ந்து பாடம் சொல்லித்தர நாங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். தாமதமாக வந்தோம். தாங்கள் நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டீர்கள்.

அன்பு அம்மையீர், கண்டிப்பைக் கனிவால் செய்தவர் தாங்கள். கால்நடையாகவே ஒரு பள்ளியின் கௌரவத்தைக் காத்தவர் தாங்கள். இனிவரும் நாட்களில் முழங்கால் வலி குறைந்து, உறக்கம் நிறைந்து, கட்டபெட்டில் தாங்கள் புதிதாய்க் கட்டிய வீட்டில் தங்கள் கணவரோடும் மக்களோடும் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும் என்று மனமார விரும்புகிறோம். காலை எட்டே முக்காலுக்கு எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை என்ற நினைப்பு தங்களுக்கு வருத்தம் தராமல் இருக்கட்டும்.

வாழ்த்தோடு முடிப்பதே முறை. நேற்றிரவு எழுதி முடித்ததும் அவ்விதமே. இன்று காலை நடந்ததையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் தலைமையாசிரியர்தான். "நடந்ததுதானே, எழுதுங்க" என்றார்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு, விழாவில் அழைக்கவேண்டிய பெயர்ப் பட்டியல் அலுவலகத்திலிருந்து தட்டச்சாகி வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் நாற்பத்திரண்டு பெயர்கள். இரண்டாம் பக்கத்தில், 'சிறப்புக் கவனம் தேவைப்படுவோர்' என்ற தலைப்பின் கீழ், பதினொன்று. முதல் பக்கம் முடிந்து, பரிசு வழங்கி, அதன் பிறகு இரண்டாம் பக்கம் என்று குறித்திருந்தது.

"எல்லாரும்தான் மேடை ஏறப்போறாங்க டீச்சர். நீங்க கேட்டபடி ஒருத்தரையும் நிறுத்தல. முன்ன பின்ன, அவ்வளவுதான்" என்றார் தலைமையாசிரியர்.

தாங்கள் இரண்டு பக்கங்களையும் நின்றபடியே படித்தீர்கள். நாங்கள் அப்போது பேசாமல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

"கடைசி நாளு டீச்சர். எதுக்குங்க வம்பு? வாசிச்சுட்டு, மாலையப் போட்டுக்கிட்டு நிம்மதியா ஊடு போய்ச் சேருங்க" என்றார் பிராங்ளின். நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம்.

"நீங்க வாசிக்கலைன்னா என்னையத்தான் வாசிக்கச் சொல்லுவாரு டீச்சர்" என்றார் கெஸியா.

தாங்கள் கெஸியாவைப் பார்த்துத்தான் பேசினீர்கள். தலைமையாசிரியரைப் பார்த்து அல்ல.

"கருப்பம்மாவுக்கு இன்னைக்கு லீவு குடுக்கல. ஏழாம் நம்பர்லதான் நிக்கறாங்க. பிரவீணா பேரு வந்ததும் கையில இருக்கற கொழுந்தக் கூடையில போட்டுட்டு நிமிந்து நிப்பாங்க. அடுத்தாப்ல ரம்யா பேரு வந்துச்சுன்னா, நம்ம ரெண்டாம் பக்கத்துக்குப் போற வரைக்கும் அங்க யாரு காத்துட்டு இருப்பாங்க, கண்ணு? சாயங்காலமே அந்தப் பிள்ளைக்குப் பை கட்டிருவாங்க."

தலைமையாசிரியர் தாளைத் திரும்ப வாங்கவில்லை. "எனக்காக, இந்த ஒரு தடவை டீச்சர்" என்றார்.

தாங்கள் இரண்டு தாள்களையும் விளிம்பு சேர்த்து மடித்து அவர் மேசைமேல் வைத்தீர்கள். குரலை உயர்த்தவில்லை.

"வேண்டாங்க சார். நான் வருகைப் பதிவேட்டையே வாசிச்சுக்கறன்."

இங்ஙனம்,
தலைமையாசிரியர், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்
சவுக்குமேடு மேல்நிலைப் பள்ளி, நீலகிரி
பிப்ரவரி 27