ஏரியை மட்டும் எடுத்துடுங்க

எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில், மடியில் அட்டைக் கிரீடத்தோடு இருந்தவர், பக்கத்து சீட் பெண்ணிடம் சொன்னார்: "ஏரியை மட்டும் எடுத்துடச் சொல்றாங்கக்கா."

"நாடகமே ராஜா ஏரி வெட்டின கதைதானேப்பா. அதை எடுத்துட்டா ராஜா மேடையில சும்மா நிப்பாரா?"

"நான் நிக்கறேன்க்கா, அது பரவாயில்ல. அபார்ட்மென்ட் செக்ரட்டரிதான் பேஜார் பண்றார். ஏரி இருந்த இடத்துலதான் அவங்க பில்டிங் நிக்குதுன்னு நாடகத்துல வருதில்ல? இன்னும் பாதி ஃப்ளாட் விக்கலையாம். அதைச் சொன்னா நாளைக்கு அங்க நம்ம ஷோ கிடையாதாம்."

அந்த அம்மாள்தான் நாடகம் எழுதியவர் போலிருக்கிறது. பையிலிருந்து ஸ்கிரிப்டை எடுத்து ஒரே ஒரு வரியைத் திருத்தினார். இதைக் கவனித்துக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

"ஏரி பக்கத்து அபார்ட்மென்ட் இடத்துல இருந்துச்சுன்னு மாத்திட்டேன். செக்ரட்டரிக்குச் சொல்லு."

கிரீடக்காரர் போன் போட்டார். மறுமுனையில் சிரித்தது எனக்கே கேட்டது.

"அவருக்கு ரொம்ப சந்தோஷம்க்கா. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட்லதானே நமக்கு ஷோ?"

"ஆமாப்பா. அங்க எதையும் மாத்த வேணாம். உண்மையையே சொல்லிடலாம்."